ஏழாவது விதியை நான் வாசிக்கவில்லை

போன மாதம் குளுவாங் பஸ் நிலையத்தில் உங்களில் மூன்று பேர் என்னைச் சுற்றி நின்றுகொண்டீர்கள். புதிதாக ஓர் எக்ஸ்பிரஸ் கம்பெனி வருகிறது, இப்போது வாங்குவதைப்போல ஒன்றரை மடங்கு சம்பளம் தருகிறார்களாம், போகலாமா வேண்டாமா என்று கேட்டீர்கள். நான் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "எழுதி அனுப்புறேன்பா" என்று சொல்லித் தப்பித்தேன். நேரில் பேசியிருந்தால் பாதியை விழுங்கியிருப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பஸ் ஓட்டுவது எப்படி என்று இதில் ஒன்றும் கிடையாது. அது உங்களுக்கே நன்றாகத் தெரியும். உங்கள் வண்டிகளில் பிரேக் வேறு பிடிக்கிறது.

ரப்பர் விலை ஏறிக் கிடந்த இருபதுகளில் நான் குளுவாங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் வழியாகப் பத்து பகாட் என்ற ஊருக்குப் பஸ் ஓட்டினேன். ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்தவன் பஸ் ஓட்டுவது அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு வந்த கேடு. தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்த என் அப்பா, நான் கிராணியாகி, அதாவது குமாஸ்தாவாகி, மேசைக்குப் பின்னால் உட்காருவேன் என்று நம்பியிருந்தார். ஆனால் இளம் கிராணிக்கு மாதம் இருபத்தைந்து வெள்ளி, டிரைவருக்கு முப்பத்தைந்து. "படிச்ச படிப்புக்கு இதுவா?" என்று அப்பா கேட்டபோது, "படிச்சதாலதான் எது பெருசுன்னு தெரியுது" என்றேன். அந்த மாதிரி வாய் எனக்கு.

நாங்கள் இருந்தது பழைய கம்பெனி. மொத்தம் எட்டு டிரைவர்கள். முப்பத்தைந்து வெள்ளி, ஷெட்டுக்குப் பின்னால் வாடகையில்லாத வீடு, மழை பெய்தாலும் பாலம் உடைந்தாலும் சம்பளம். ஆனால் மேலே ஏறுவது மட்டும் மெதுவாகத்தான். மூப்பு வரிசை ஒன்று உண்டு. நல்ல வண்டியும் நல்ல நேரமும் வரிசையில் முன்னால் இருப்பவர்களுக்கு. அந்த வரிசையில் நான் எட்டாவது ஆள். முன்னால் இருக்கும் ஏழு பேரில் எவருக்கும் ஒரு சளி இருமல்கூட வராது. அதைவிடக் கடுமையான விதி ஒன்றும் இருந்தது: கம்பெனியை விட்டுப் போனவனைத் திரும்பச் சேர்க்கமாட்டார்கள்.

வரிசையில் இரண்டாவது ஆள் அந்தோணி அண்ணன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், ஒன்பது வருடச் சர்வீஸ். மனைவி மரியா அக்கா, நான்கு பிள்ளைகள். கல்யாணமாகாத எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. கம்பெனியிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும், "படிச்சவரே, என்னா சொல்றான் பாருங்க" என்று என்னிடம் நீட்டுவார். நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நீதிபதி மாதிரி வாசிப்பேன்.

இப்படி இருக்கும்போது, அன்னாசி டப்பா போடும் தொழிலில் பணம் பார்த்த ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ஆறு புதிய பஸ்கள் வாங்கி அதே சாலையில் விட்டார். சம்பளம் ஐம்பத்தைந்து வெள்ளி. மூப்பு வரிசை கிடையாது, முதலில் வருபவன் முதல் ஆள். பற்றாததற்குத் தலைமை டிரைவர் என்று ஒரு பதவி. அந்தப் பதவிக்கு ஒரு தொப்பி. கறுப்புத் துணி, முன்பக்கம் பளபளக்கும் தோல், சுற்றிலும் தங்க ஜரிகை. தவுக்கே அதை மேசைமேல் வைத்திருந்தார்.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். "இது லூ பஞ்ஞாதான், உன்னோடதுதான். ஆனா லூ ஒத்த ஆளா வந்தா டிரைவர், சீனியர் டிரைவர் ஒருத்தன கூட்டிட்டு வந்தாத்தான் தலைமை டிரைவர்" என்று கலப்படத் தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒப்பந்தம் இரண்டைக் கொடுத்தார்.

வெளியே வந்து மாமரத்தடியில் நின்று வாசித்தேன். பன்னிரண்டு விதிகள். ஏழாவது விதி இது: வண்டி கடைசி நிறுத்தத்தைச் சென்றடைந்த நாளுக்கே சம்பளம், வழியில் நின்ற நாளுக்குக் காரணம் எதுவானாலும் சம்பளம் இல்லை. நான்கு தடவை வாசித்தேன். புரியாமல் அல்ல. நான்காவது தடவையாவது வேறு மாதிரி இருக்காதா என்றுதான்.

தவுக்கேயைக் குறை சொல்லமாட்டேன். அவர் விதியை எழுதிக் கையில் கொடுத்தார், எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்தவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஒப்பந்தத்தை எடுத்தேன். ஒவ்வொரு விதியாக ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். ஆறாவது முடிந்ததும் எட்டாவதற்குப் போனேன்.

அந்தோணி அண்ணன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "ஆறுக்கப்புறம் எட்டா? ஏழு எங்க?"

ஒரு நொடிதான். "அது கண்டக்டருக்கு அண்ணே."

"ஓ" என்று மடக்கிய விரலை மறுபடி நீட்டினார்.

மரியா அக்காவுக்குத் திருப்தியில்லை. "ஒன்பது வருஷம் லா. வீட்டையும் விடணும். திரும்பி வந்தா சேக்கமாட்டான். யோசிச்சுக்குங்க."

"இருபது வெள்ளி கூட வருது மரியா. ஆறு வெள்ளி வாடகைக்குப் போனாலும் பதினாலு மிச்சம். தம்பி படிச்சவரு, தப்பாவா சொல்வாரு?"

அக்கா எழுந்துபோய், கை கழுவியிருந்த என் முன்னால் மறுபடி தட்டை வைத்தார். எனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

இப்படியாக நான் தலைமை டிரைவர் ஆனேன். தொப்பி பெரியது. தவுக்கே யாருடைய தலைக்கு அளவெடுத்தாரோ தெரியாது. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் கண்ணை மறைத்தது. உள்ளே பழைய செய்தித்தாளை மடித்து வைத்து ஓட்டினேன். அந்தோணி அண்ணன் அதைப் பார்த்து, "தலைமை டிரைவருக்குத் தலைதான் கொஞ்சம் பத்தல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதல் மூன்று மாதமும் வெயில் காலம். தினமும் வண்டி பத்து பகாட் போய்ச் சேர்ந்தது, சம்பளம் முழுதாக வந்தது. ஏழாவது விதியை நானே மறந்துவிட்டேன்.

ஆண்டு முடிவில் மழை பிடித்தது.

ஒரு நாள் காலை எனக்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்தோணி அண்ணன் வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. ஆயர் ஈத்தாமைத் தாண்டிச் சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். அங்கே போனேன். பள்ளத்தைக் காணோம், பழுப்பு நிறத் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. மேட்டில் அவர் வண்டி ஓரமாக நின்றது. பக்கத்துக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்துக் கொப்பரைக் கொட்டகையில், அவருடைய பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மலாய்க்காரர் கொடுத்த அடுப்பில் தேநீர் கொதித்தது. யாரோ அன்னாசி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடுபோல இருந்தது.

"வாங்க தலைமை டிரைவரே, டீ குடிங்க" என்றார்.

"போகலியா அண்ணே?"

"ஓடுற தண்ணி. நிக்கிற தண்ணின்னா பாத்துப் போலாம், ஓடுற தண்ணில எறங்கக் கூடாது. வடியட்டும்."

"லேட்டாகுமே?"

"ஆவட்டுமே. நம்ம சம்பளம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு!"

அவருடைய சம்பளம் அங்கேயே நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. நான் சொன்னது வேறு. "நான் போய்ப் பாக்கிறேன் அண்ணே."

தம்பிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். விதி தெரியாதவர் தண்ணீரைப் பார்த்து முடிவெடுத்தார். விதி தெரிந்த நான் சம்பளத்தைப் பார்த்து முடிவெடுத்தேன். ஒரே தண்ணீர், ஒரே மாதிரி வண்டி.

என் பயணிகளில் புத்தியுள்ளவர்கள் இறங்கிக் கொட்டகைக்குப் போனார்கள். நான்கு பேர் மட்டும் அவசரம் என்று உட்கார்ந்திருந்தார்கள். மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மலாய்க்கார அம்மா பத்து பகாட்டில் மகள் வீட்டுக் கல்யாணத்துக்கு எட்டு வாத்துகளைக் கூடையில் கட்டி வண்டியின் கூரைமேல் ஏற்றியிருந்தார். வாத்துகளை இறக்க நேரமில்லை என்றேன். "அப்ப அதுங்க போகட்டும். நான் வரமாட்டேன்" என்று மலாயில் சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

பாதி தூரம் நன்றாகத்தான் போனேன். மீதிப் பாதியில் சாலை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. பின்பக்கம் மெல்ல நகர்ந்து வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கதவு வழியாகத் தண்ணீர் ஏறியது.

அப்போது என் மண்டைக்குள் என்ன ஓடியது என்று கேட்பீர்கள். பயணிகள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முதலில் நினைத்தது: இன்றைய சம்பளம் போச்சு. இரண்டாவதாகத்தான் அந்த நான்கு பேர்.

ஜன்னல் வழியாக ஒவ்வொருவராகக் கூரைமேல் ஏற்றினேன். அவர்களில் ஒருவர் லாபிஸ் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி. வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. பருத்த உடம்பு. கீழிருந்து நான் தள்ள, மேலிருந்து இரண்டு பேர் இழுக்க, ஏறியதும் முதல் வேலையாகக் குடையை விரித்துக்கொண்டார். கூடை உடைந்து வாத்துகள் தண்ணீரில் இறங்கின. வரிசையாக அக்கரைக்குப் போய்ச் சேர்ந்து, மேட்டில் ஏறிச் சிறகை உதறின.

கங்காணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "டிரைவர், டிக்கெட்டு எடுக்காததெல்லாம் போய்ச் சேந்துருச்சு. டிக்கெட்டு எடுத்த நாங்க எப்ப போறது?"

"கொஞ்சம் இருங்க ஐயா."

"எறங்கிப் போகவா முடியும்? இருக்கத்தான் செய்வோம்."

அவர் வேடிக்கையாகப் பேசினாரே தவிர, இன்னொரு கை கூரைக் கம்பியை விடவே இல்லை. அவருக்கு நீச்சல் தெரியாதாம். பிறகுதான் சொன்னார். வண்டி இன்னும் ஒரு முழம் சாய்ந்திருந்தால் இந்தக் கட்டுரையில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது.

மூன்று மணி நேரம் கூரைமேல் இருந்தோம். அந்தோணி அண்ணன் கம்பத்துக்காரர்களிடம் கெஞ்சி ஒரு சம்பான் படகைப் பிடித்து, மரத்தில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்தபடி வந்தார். முதலில் கங்காணி, பிறகு மற்றவர்கள், கடைசியில் நான். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். படகில் உட்கார்ந்ததும், "தொப்பி எங்க?" என்றார்.

தடவிப் பார்த்தேன். கூரைமேலேயே இருந்தது. அவர் கயிற்றைப் பிடித்துத் திரும்பிப் போய் அதை எடுத்துவந்து என் மடியில் போட்டார். "இதுக்காகத்தானே இங்க வந்த, விட்டுட்டுப் போறியே."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கரை சேரும்வரை நான் அதைத் தலையில் வைக்கவில்லை.

என் வண்டியைப் பிறகு மாடு கட்டி இழுத்தார்கள். அந்தோணி அண்ணன் தன் வண்டியை விட்டு நகரவில்லை. அதற்குள் பின்னாலும் தண்ணீர் ஏறிவிட்டது. எட்டு நாள் அந்த மேட்டில் வண்டிக்குள்ளேயே படுத்து, பயணிகளைப் படகில் பத்திரமாக அனுப்பிவைத்தார். தண்ணீர் கொஞ்சம் வடிந்தபின் பஸ்கள் ஆயர் ஈத்தாம்வரை மட்டும் போய்த் திரும்பின. அதற்கு அப்பால் சாலையே அறுந்து கிடந்தது. அந்த நாள்களிலும் அவர் தவறாமல் ஓட்டினார். வண்டி நிறையக் கூட்டம். ஆனால் கடைசி நிறுத்தமான பத்து பகாட்டுக்குப் போகவில்லையே! ஒரு நாளுக்கும் சம்பளம் கிடையாது.

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை போனேன். முதல் தடவை, சம்பளமில்லாமல் ஓட்டுவதையாவது நிறுத்தட்டும் என்று, "அண்ணே, உடம்பு சரியில்லன்னு லீவு போட்டா என்ன?" என்றேன். "எனக்கா? கல்லாட்டம் இருக்கேன்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். இரண்டாவது தடவை மரியா அக்கா கதவைத் திறந்து, உயிர் தப்பி வந்தவன் என்று எனக்குச் சுக்குத் தண்ணீர் கொடுத்தார். மூன்றாவது தடவை வாசல்வரை போய், உள்ளே பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டேன்.

சம்பள நாள் வந்தது. அந்த மாதம் அவருக்கு ஒன்பது நாள் சம்பளம். கிராணி நீட்டிய பணத்தைப் பார்த்துவிட்டு, "மிச்சம் நாளைக்கா?" என்றார்.

"மிச்சம் ஏது? ஏழாவது விதி" என்றார் கிராணி.

"ஏழாவது விதி கண்டக்டருக்குத்தானே?"

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "யார் சொன்னா?"

அந்தோணி அண்ணன் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் வரிசையில் அவருக்கு நான்கு ஆள் பின்னால் தொப்பியோடு நின்றிருந்தேன்.

மறுநாள் காலை மரியா அக்கா ஷெட்டுக்கே வந்தார். கூச்சல் போடவில்லை. "தம்பி, நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க?"

"ஆமாக்கா."

"அந்த ஏழாவது... தெரியாம விட்டுட்டீங்களா?"

தெரியாமல் விட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நம்பத்தான் வந்திருந்தார். "இல்லக்கா. தெரிஞ்சுதான் விட்டேன்."

"வாடகைக்கு வீட்டுக்காரன் நாளைக்கு வருவான். ஒன்பது வருஷம் இருந்த வீட்டுல இப்ப வேற யாரோ இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் பழைய கம்பெனி மேனேஜரைப் பார்க்கப் போனேன். மலாக்காவில் பிறந்த யுரேஷியர், சிரிக்காத மனிதர். நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். "போனவனைச் சேர்ப்பதில்லை என்று தெரியும்தானே?" என்றார்.

"தெரியும் சார். ஆனால் அவர் போகவில்லை. நான் ஏமாற்றி இழுத்துக்கொண்டு போனேன்."

"வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடு."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு நல்ல ஆங்கிலம் எழுதியதில்லை. ஏழாவது விதி என்ன, அதை எப்படித் தாண்டினேன், கண்டக்டருக்கு என்று என்ன பொய் சொன்னேன், ஏன் சொன்னேன், எல்லாம். மேனேஜர் வாசித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார்.

"'இதற்குக் காரணம் ஒரு தொப்பி.' இது இருக்கத்தான் வேண்டுமா?"

"அதுதான் சார் காரணம்."

சிரிக்காத அந்த மனிதர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். திரும்பி வந்தபோது முகம் பழையபடி இருந்தது. அந்தோணியின் சர்வீஸ் அறுபடவில்லை, இரண்டாவது இடமும் வீடும் அவருக்கே என்றார். அந்த வீட்டுக்கு வந்திருந்தவரை வேறு வீட்டுக்கு மாற்றினார்.

"உனக்கு டிரைவர் வேலை தரமுடியாது. கிளீனர் வேலை காலி இருக்கிறது. பதினைந்து வெள்ளி. உன்னை மாதிரி ஆள் வெளியே திரிவதைவிட என் கண்முன்னால் இருப்பது நல்லது."

ஒத்துக்கொண்டேன். தொப்பியைத் தவுக்கேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வெயிலில் காயவைத்தார், என்மேல் வழக்குப் போடவில்லை. வண்டி பழுதுக்கான பணத்தைப் பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதிய கம்பெனிக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எட்டாவது ஆளாகவே காலம் தள்ள எவனுக்கும் ஆசை இருக்காது. புதிய கம்பெனிகள் வந்ததால்தான் பழைய கம்பெனி பிறகு சம்பளத்தை ஏற்றியது. ஒன்று மட்டும் கேளுங்கள். வண்டி ஓடும் நாளுக்கு எவ்வளவு என்று எல்லாரும் சொல்வார்கள். வண்டி நிற்கும் நாளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கும் சம்பளம் கொடுக்கிறவனிடம் நிம்மதியாக ஓட்டலாம். அதற்குச் சம்பளம் இல்லையென்றால், நீங்கள் எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும், ஒரு மழை நாளில் நான் இறங்கிய இடத்தில் இறங்குவீர்கள். உங்களுக்கு யார் ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்கிறார்களோ, அவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்றும் கேளுங்கள்.

மேனேஜர் நான் எழுதிய கடிதத்தை ஷெட்டின் அறிவிப்புப் பலகையில் ஆணி அடித்து மாட்டினார். டிரைவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஆங்கிலம். ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அந்த ஷெட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் ஒரே ஆள்தான். அவன் வாளியும் துணியுமாக ஒரு டயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

"படிச்சவரே, இங்க வாங்க. என்னா எழுதியிருக்கு?"

வந்து வாசித்தேன். தொப்பி வந்ததும் ஷெட்டு அதிர்ந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்களுக்கும் வாசித்தேன். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிவந்தார்கள். இரண்டு வருடம், காகிதம் மஞ்சளாகிக் கிழியும்வரை, எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. ஒரு வரிகூட விட்டதில்லை.

அந்தோணி அண்ணன் மட்டும் கேட்டதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. அவர் வண்டியைத்தான் நான் கழுவினேன். சாவியைக் கொடுப்பார், வாங்குவார், அவ்வளவுதான். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல், ஷெட்டில் யாரும் இல்லாத நேரம், பலகை முன்னால் வந்து நின்றார்.

"வாசி."

வாசித்தேன். ஏழாவது விதியை முழுதாக வாசித்தேன். கண்டக்டர், தொப்பி, கடைசிவரை. அவர் சிரிக்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"இதுல எம்பேரு எத்தன தடவ வருது?"

"அஞ்சு தடவ அண்ணே."

"உம்பேரு?"

"ஒரு தடவ. கீழ, கையெழுத்துல."

காகிதத்துக்கு அருகில் குனிந்து அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ம். நல்லாத்தான் எழுதியிருக்கே. முன்னாடி சக்கரத்துல சேறு அப்படியே இருக்கு, போய்க் கழுவு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, அக்கா கேட்டா."